செயலாளர் ஊற்றாத வாளி

கழிவுநீர்க் குழாய் அடைத்ததுதான் தாமதம், "கீழ்வீட்டு வாடகைக்காரங்க வேலை!" என்று முழங்கினார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வைத்திலிங்கம். குழாய்க்குள் கேமரா விட வந்த மரியபுஷ்பத்தை, "எல்லார் முன்னாலயும் அடைச்ச ஆளைக் காட்டு!" என்று அதட்டினார்.

திரையில் ஒரு துணிப்பந்து தெரிந்தது. அதில் பேரா எழுதியிருக்கும்?

"வீட்டுக்கு ஒரு வாளி தண்ணி டாய்லெட்ல ஊத்துங்க. துணியைப் போட்ட வீட்ல மட்டும் எதுத்துக்கிட்டு வரும்" என்றாள் அவள்.

எல்லாரும் ஓடிப்போய் ஊற்றிவிட்டு வந்தார்கள். வைத்திலிங்கம் மட்டும் அசையவில்லை.

"நீங்க சார்?"

"எங்க வீட்ல தண்ணி வரலை."

கீழ்வீட்டுப் பெண் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். அவருக்குத் தலை நிமிரவில்லை.

"என் பழைய பனியன்தாம்மா."

மரியபுஷ்பம் கேமரா வயரைச் சுருட்டினாள். "தாராளமா ஊத்தியிருக்கலாம் சார். எதுத்து வரும்னு நான் சும்மாதான் சொன்னேன்."