கற்றாழை காலடியில் பிள்ளை வைத்த கதை

செடிகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செம்மணல் மேடுகளான தேரிக்காடு முழுக்கக் கற்றாழை மண்டிக் கிடந்தது. அப்போதெல்லாம் அதற்குப் பிள்ளை விதையில்தான். காய் வெடித்ததும் சருகு போன்ற விதைகள் காற்றில் பறந்து, விழுந்த இடத்தில் முளைக்கும். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒன்று சிவப்பாகப் பூக்கும், ஒன்று மஞ்சளாக. ஒன்றின் மடலில் புள்ளிகள் இருக்கும், இன்னொன்றில் முள்ளே இருக்காது.

தேரியில் ஆண்கள் பனையேறிப் பதனீர் இறக்குவார்கள். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். கொதிக்கிற பாகு தெறித்தால் தோல் வெந்துவிடும். கற்றாழை மடலுக்குள் இருக்கும் சோற்றை வழித்துப் பூசினால்தான் ஆறும். அதனால் எல்லாரும் ஒடித்தார்கள். மூன்று வருடம் மழையும் பொய்த்தது. கடைசியில் கற்றாழையைக் கண்ணில் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

அங்கே உலகம்மை என்றொருத்தி இருந்தாள். அவளும் நாத்தனார் சொர்ணமும் ஒரே அடுப்பில் பாகு காய்ச்சுவார்கள். போன கோடையில் சொர்ணத்தின் இடது கையில் பாகு கொட்டிவிட்டது. உலகம்மை தேரி முழுக்க ஓடியும் ஒரு மடல் கிடைக்கவில்லை. புண் ஆறியபோது சொர்ணத்தின் விரல்கள் ஒட்டிச் சுருண்டுவிட்டன. அதிலிருந்து உலகம்மைக்கு அடுப்பு முன்னால் இருப்புக்கொள்வதில்லை. பாகு கொப்பளித்தாலே சொர்ணத்தின் வலது கையைத் திரும்பிப் பார்ப்பாள்.

மாசி மாதத்தில் ஒருநாள், வறண்ட ஓடைக்கரையில் ஒரேயொரு கற்றாழையைக் கண்டாள். மூன்று மடல், ஒரு காய்ந்த காய். இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தாள்.

"யாருக்குச் சுட்டது?" என்று கேட்டது கற்றாழை.

"இன்னும் யாருக்கும் சுடலை. சுட்டுருமோன்னு பயமா இருக்கு."

"சுடாத புண்ணுக்கு என்னை ஏன் வெட்டுகிறாய்? இந்தக் காயை எடுத்துப் போ. ஒன்பது விதை இருக்கிறது. சலித்த மணலில் தூவி நிழலில் வை. தினம் துளி நீர் தெளி. தோண்டி மட்டும் பார்க்காதே."

"எத்தனை நாள்ல முளைக்கும்?"

"அது விதையின் இஷ்டம்."

அந்தப் பதில்தான் அவளை ஆட்டிப் படைத்தது. அகலமான சட்டியில் ஒன்பதையும் விதைத்தாள். மூன்றாம் நாள் ஒன்றை நகத்தால் கிளறிப் பார்த்தாள். மறுநாள் இன்னொன்று. கிளறிய விதைகளில் சில காய்ந்து போயின, சிலவற்றை எறும்பு இழுத்துப் போயிற்று.

"மதினி, இன்னைக்கும் தோண்டிட்டியளா?" என்பாள் சொர்ணம்.

"ஒன்னே ஒன்னுதாம்ளா. உசுரோட இருக்கான்னு பார்த்தேன்."

"பார்த்துப் பார்த்தே உசுரை எடுத்துருவிய."

எட்டு விதை போனபின், சொர்ணம் சட்டியைத் தூக்கிப் போய்த் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள். உலகம்மை பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நாள் பொறுத்தாள்.

பங்குனியில் அடுப்பு மூட்டினார்கள். முதல் வாரத்திலேயே பாகு தெறித்துச் சொர்ணத்தின் வலது மணிக்கட்டில் கொப்புளம் கிளம்பியது. "ஒன்னுமில்லை மதினி" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் உலகம்மை கட்டிலுக்கடியில் புகுந்து, சட்டியை இழுத்து மணலைக் கிளறிவிட்டாள்.

விதை முளைத்திருந்தது. மயிரிழை போல ஒரு வெள்ளை வேர் அவள் நகம் பட்டு அறுந்து, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

சொர்ணம் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "முளைச்சிருந்திருக்கு மதினி" என்று மட்டும் சொன்னாள்.

உலகம்மை அந்த அறுந்த வேரை ஏந்திக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடினாள். "ஒன்பதையும் நான்தான் கொன்னேன்" என்று கற்றாழையின் முன்னே விழுந்து அழுதாள்.

"இதில் எது சிவப்பாகப் பூத்திருக்கும், எது புள்ளியோடு வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை" என்றது கற்றாழை.

உலகம்மை அறுந்த வேரைக் கற்றாழையின் காலடி மணலில் வைத்து மூடினாள்.

"நானும் உன்னைப் போலத்தான். காற்று கொண்டுபோன விதை எங்கே விழுந்ததோ, என்ன ஆனதோ என்று ஒருநாளும் நிம்மதியாக நின்றதில்லை. போதும். இனி விதை வைக்க மாட்டேன். காலடியிலேயே பிள்ளை வைக்கிறேன், மடலோடு பிறக்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அத்தனையும் என்னைப் போலவேதான் இருக்கும். புதிதாக ஒன்றும் வராது. சரி, ஒரு மடலை ஒடித்துப் போய் அந்தக் கைக்குப் பூசு."

சொர்ணத்தின் கை தழும்பில்லாமல் ஆறியது.

ஐப்பசி மழைக்குப் பிறகு கற்றாழையின் காலடியில் ஐந்து குருத்துகள் எட்டிப் பார்த்தன. உலகம்மை ஒன்றைப் பெயர்த்து வந்து அடுப்பங்கரைக்கு வெளியே நட்டாள். மறுநாள் காலையில், வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்த்தாள். திரும்ப நட்டாள். அடுத்த நாளும் பிடுங்கினாள். சொர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கன்று வாடவேயில்லை. யார் கைக்குப் போகிறோம் என்று தெரிந்தே பிறந்தது போல மடல் விரித்து நின்றது.

அன்று தொட்டுத்தான் நம் வீட்டுக் கற்றாழை பூத்தாலும் விதை வைப்பதில்லை, பிள்ளைகளைக் காலடியிலேயே வைத்துக்கொள்கிறது. வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும், மண்ணும் நீரும் இல்லாமல் பச்சையாகவே இருக்கிறது.