முனகாத ரிமோட்

உடுமலைப் பக்கம் பொம்மை விமானம் விடுகிறவர்களின் சங்கத் தலைவர் வேலாயுதசாமிக்கு இறங்குவதென்றாலே ஆகாது, மேடையிலிருந்துகூட.

இன்ஜின் இல்லாத கிளைடர் காற்றில் ஏறினால் கையிலுள்ள ரிமோட் "பீப் பீப்" என்று துள்ளும். இறங்கினால் "ஊம்ம்ம்" என்று முனகும். இந்தச் சத்தங்களை ரிமோட்டில் அமைத்துக் கொடுப்பது சங்கத்தில் ரோஸ்லினின் வேலை.

சங்கத்தின் கிளைடர் போட்டிக்கு முந்தின நாள் தலைவர் அவளைக் கூப்பிட்டார். "நாளைக்குக் கலெக்டர் வர்றார். என் ரிமோட் முனகுச்சுன்னா உனக்கு இங்க வேலை இல்லை."

"ஏறினாலும் இறங்கினாலும் பீப் பீப்னே வெச்சிரட்டுங்களா?"

"அதேதான்!"

மறுநாள் ரிமோட் ஓயாமல் துள்ளியது. "எப்படி ஏறுது கேளுங்க!" என்று தலைவர் வானத்தை விட்டுவிட்டுக் கலெக்டரின் முகத்தையே பார்த்துப் பூரித்தார். கிளைடர் கடலைக்காட்டில் பொத்தென்று விழுந்தது. ரிமோட் இன்னும் பீப் பீப் என்றது.

"என்னம்மா இது, தரையில கிடக்கிறது எப்படி ஏறும்?" என்றார் கலெக்டர்.

தலைவருக்குப் பக்கத்தில் ரோஸ்லின் கைகட்டி நின்றாள். "இறங்கக் கூடாதுன்னு ஐயா ரிமோட்டுக்கு உத்தரவு போட்டாருங்க. கிளைடருக்குத்தான் யாரும் சொல்லலைங்க."

மைதானமே சிரித்தது. தலைவரும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டு ரிமோட்டை அவளிடம் நீட்டினார்.

"முனகினா முனகிட்டுப் போகட்டும், மாத்திக் குடும்மா!"