குரலைத் திருப்பிக் கேட்டவள்

திருச்சி தில்லைநகரில், ஒரு ஸ்வீட் கடையின் மாடியில் ஒரு குரு இருந்தார். பெயர் மெர்லின், வயது முப்பத்திரண்டு. பாட்டுகளுக்கு ஒலி கலந்து கொடுப்பது அவர் தொழில். சீடரின் பெயர் சிக்கந்தர், வயது நாற்பத்தாறு. ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு மைக் செட் போட்டவர்.

குரு சீடரை "அண்ணே" என்பார். சீடர் குருவை "மேடம்" என்பார்.

முதன்முதலாக ஒரு முழுப் பாட்டை சிக்கந்தர் கையில் விட்டிருந்தார் மெர்லின். கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேரின் ராக் பாட்டு. பாடியது வெண்பா. கிட்டார் கெவின். டிரம்ஸ் முகில். கேட்டுப் பார்க்க மூவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

தன் குரல் அமுங்கிக் கிடக்கிறது என்றாள் வெண்பா. சிக்கந்தர் குரலை ஏற்றினார். இப்போது கிட்டார் கொசு மாதிரி கேட்கிறது என்றான் கெவின். கிட்டாரை ஏற்றினார். நான் அடித்தது டிரம்ஸா, அட்டைப்பெட்டியா என்று முகில் விசாரித்தான். அதையும் ஏற்றினார்.

கல்யாண மண்டபத்தில் அவர் வழி அதுதான். யார் முறைக்கிறார்களோ அவர்கள் பக்கத்து மைக்கை ஏற்றிவிடுவார். அதற்குள் பந்தி போட்டுவிடுவார்கள். எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள்.

இங்கே பந்தி இல்லை. ஒலி கலக்கும் மிக்சரில், சத்தம் எல்லை மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கடைக்காரர் மாடியேறி வந்து, தட்டில் அடுக்கிய லட்டெல்லாம் உருளுகிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார். வெண்பாவின் குரல் மட்டும் பழையபடி அடியிலேயே கிடந்தது.

அவள் கோபப்படவில்லை. அதுதான் சிக்கந்தரைப் பயமுறுத்தியது.

"அங்கிள், சாயங்காலம் வரைக்கும் இருக்கேன். அப்பவும் இப்படித்தான்னா என் குரலை மட்டும் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க. நான் வேற எங்கயாவது பாடிக்கிறேன்."

குரல் போனால் பாட்டு போச்சு. பாட்டு போனால் சிக்கந்தர் மறுபடி மண்டபத்துக்கே போகவேண்டியதுதான். அவர் குருவிடம் போய் நின்றார்.

"குரலை எங்க வைக்கணும் மேடம்? ஒரு அளவு சொல்லுங்க. கோடு போட்டு வச்சுக்கிறேன்."

மெர்லின் எழுந்து வந்து கம்ப்யூட்டரை அணைத்தார்.

"வாயாலயே வாசிங்க," என்றார் பிள்ளைகளிடம். "ஆனா மாத்தி. கெவின், நீ பாடு. வெண்பா, நீ கிட்டார். முகில் அவன் வேலையையே பார்க்கட்டும்."

முகில் உதட்டைக் குவித்து டும் டக், டும் டக் என்று ஆரம்பித்தான். வெண்பா கண்ணை மூடி, தலையை உதறி, கெவின் மேடையில் பண்ணும் அத்தனை சேட்டையும் பண்ணிக்கொண்டு ட்ரீங் ட்ரிரிங் ட்ரீங் என்று பிடித்தாள். முகிலுக்குச் சிரிப்பு வந்து தாளம் எச்சிலாகத் தெறித்தது.

கெவின் முதல் வரி பாடினான். இரண்டாவது வரி அவனுக்குத் தெரியவில்லை.

"தெரியாதா?" என்றாள் வெண்பா.

"நான் எப்படி கேட்கிறது? அப்ப நான் வாசிச்சுக்கிட்டு இருப்பேன்ல."

அவள் வரியைச் சொல்லிக்கொடுத்தாள். மறுபடி ஆரம்பித்தார்கள். வெண்பா இம்மியும் குறைக்காமல் கெவினின் கிட்டாரை அப்படியே அவன் காதருகில் இறக்கினாள். ட்ரீங் ட்ரிரிங் ட்ரீங். கெவின் குரலை உயர்த்தினான். இன்னும் உயர்த்தினான். இருமல் வந்தது.

"ஏய், நான் பாடும்போதாவது கொஞ்சம் விடேன்," என்றான்.

 அவன் காது சிவந்தது. முகில் மெதுவாக, டக், என்றான்.

மூன்றாம் முறை யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் பாடியபோது அவள் கிட்டாரை உதட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவன் மூச்சு வாங்கிய இடத்தில் ட்ரிரிங் என்று துள்ளி வெளியே வந்தாள். வார்த்தை திரும்ப வந்ததும் உள்ளே போனாள். முகிலும் தானாக அவர்களோடு ஏறி இறங்கினான்.

சிக்கந்தர் மேஜை ஓரத்தில் நின்றிருந்தார். அவர் விரல்கள் மேஜைமேல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தன.

மெர்லின் கம்ப்யூட்டரைப் போட்டார். நாற்காலியை சிக்கந்தர் பக்கம் தள்ளினார். "உட்காருங்கண்ணே," என்றதோடு டீ வாங்கிவரக் கீழே போய்விட்டார்.

சிக்கந்தர் முதலில் எல்லாவற்றையும் இறக்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது. பிறகு பாட்டை ஓடவிட்டு, வரிக்கு வரி விரலாலேயே கூடப் போனார். வார்த்தை வந்தால் கிட்டாரைக் கொஞ்சம் இழுத்தார். வார்த்தை முடிந்தால் விட்டார். கோடு எங்கேயும் போடவில்லை.

மெர்லின் வந்து, டீ ஆறி, சாயங்காலமும் ஆனது. மூவரும் பாட்டைக் கேட்டார்கள். கெவின் இரண்டாவது வரியை வாய்க்குள் முணுமுணுத்தான். முகில் தொடையில் தட்டினான். வெண்பா மட்டும் அசையவில்லை.

பாட்டு முடிந்ததும் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். கதவைத் திறந்து போட்டுவிட்டு இறங்கிவிட்டாள். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

சிக்கந்தர் குரு பக்கம் திரும்பினார்.

"மேடம், அந்தப் பொண்ணு குரலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே. பென் டிரைவ்ல போட்டு வச்சுடவா?"

"அவ என்ன பாடிக்கிட்டு இறங்குறான்னு பாருங்க."

சிக்கந்தர் மாடிப்படியில் தலையை நீட்டிக் கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"பாடலை மேடம். ட்ரீங் ட்ரிரிங்னு போறா. அது கெவினோட கிட்டாரு."

மெர்லின் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டார்.

"அப்ப பென் டிரைவ் வேண்டாம். கதவைச் சாத்துங்கண்ணே. ஏசி வெளிய போகுது."