யார் படம் பெருசு?

வீட்டிலிருந்தபடியே பேனர் டிசைன் செய்து தரும் கோகிலவாணிக்கு அவசரக்காரர்கள் புதிதில்லை. ஆனால் மாவு மில் சங்கத் தலைவர் சென்னியப்பன், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவர். காலையிலேயே போன் போட்டார்.

"ஆண்டு விழா பேனர் மத்தியானத்துக்குள்ள வேணும் அம்மிணி. ஒரு நிமிசம் தப்புச்சுன்னாலும் வேற ஆளைப் பார்த்துக்குவேன்!"

விழாவுக்கு இன்னும் நாள் கிடந்தது. அவள் கையிலோ அன்றைக்கே அச்சுக்குப் போகவேண்டிய கல்யாணப் பத்திரிகை. முடியாது என்றால், தலைவர் பேச்சைக் கேட்டு ஊரில் பாதிப்பேர் அவளிடம் வரமாட்டார்கள்.

"தந்தர்றேனுங்க. யார் படம் பெருசு, யாரது சின்னதுன்னு மட்டும் சொல்லீருங்க."

"இதென்ன கேள்வி? என்னோடது ஆளுயரம். செயலாளர், பொருளாளர் எல்லாம் கீழ, தபால்தலை சைசுல."

"சரிங்க. தலைவர் சொன்ன அளவுன்னு எழுதி, அவங்களுக்கும் மாதிரி அனுப்பீரட்டுங்களா? அடுத்த மாசம் சங்கத் தேர்தல் வேற வருதுங்களே."

ஓடுகிற மில்லில் கரண்ட் போனதுபோல் தலைவரின் குரல் இறங்கியது.

"அனுப்பீராத அம்மிணி! நான் அவங்ககிட்டப் பேசிட்டுச் சொல்றேன்."

பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கோகிலவாணி பத்திரிகையை முடித்தாள், சூடாகச் சாப்பிட்டாள், ஒரு தூக்கமும் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் தலைவர் தொண்டை கட்டிய குரலில் கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு நாள் டைம் குடு அம்மிணி."

"எடுத்துக்குங்க," என்றாள். "ஆனா ஒரு நிமிசம் தப்புச்சுன்னாலும், நான் வேற சங்கத்தைப் பார்த்துக்குவேனுங்க!"