எழுதாத ஏடும் செவலை மாடும்

நெல்வாய் ராசாவைச் சிரிக்க வச்சு சோறு திங்கிற ஆளு நான். பேரு சடையன். என் படிப்பு ‘அ’னாவோட நின்னுபோச்சு. ‘ஆ’வன்னாவுக்குச் சுழி போடுறதுக்குள்ள வாத்தியாரு கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

ஒருநாளு எங்க தெரு பூவாத்தாவோட செவலை மாடு அரமனை கத்தரித் தோட்டத்துல பூந்து மேஞ்சுபுடுச்சு. புடிச்சுக் கட்டிட்டாங்க. “சட்டம் என்ன சொல்லுது?”ன்னு ராசா ரெண்டு நீதிப் புலவருங்களக் கேட்டாரு. அங்க புடிச்சுது சனியன்.

மறைக்காடரு பழைய உரைக்கு உரை, அதுக்கும் உரை எழுதுறவரு. குணாளரு பழசையே தொடமாட்டாரு. சட்டம் எப்படி இருக்கணும்னு கனாக் கண்டு எழுதுறவரு. இவரு எழுதினா அவரு மறுப்பு. அவரு எழுதினா இவரு மறுப்பு. ஓலை மலையா குவிஞ்சுது. மாடு எலும்பா நின்னுச்சு.

“அண்ணே, கன்னுக்குட்டி பாலில்லாம கத்துது. ராசாகிட்ட ஒரு வார்த்த சொல்லுண்ணே”ன்னு அழுதுச்சு பூவாத்தா.

சொன்னேன். ராசாவுக்கு வந்துச்சே கோவம்!

“பெரியவங்க எழுதுற எடத்துல உனக்கென்னடா வாயி? அப்ப நீயே ஒரு நூல் எழுது. அதப்பத்தி அவங்க ரெண்டு பேரும் ஒரே கருத்துச் சொன்னா மாட்டை விடுறேன். இல்லன்னா பக்கத்துல உன்னையும் கட்டுறேன்!”

மாடாவது புல்லு திங்கும். நான் என்னத்த திங்குறது?

மறுநாளு பட்டுத்துணியில ஒரு சுவடியச் சுத்தி, முடிச்சுப் போட்டு, மறைக்காடர்கிட்ட நீட்டினேன். “சாமி, நான் எழுதின நீதி நூலு. குணாளரு வழியில எழுதினது.”

“அவன் வழியா? இப்பவே மறுப்பு எழுதுறேன்!”

“கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க சாமி.”

“மறுக்கிறதுக்கு எதுக்குடா படிக்கணும்?”

குணாளர்கிட்ட மறைக்காடரு வழின்னேன். அவரும் முடிச்சை அவுக்கல. எழுத்தாணியத்தான் எடுத்தாரு.

சபை கூடுச்சு.

“மொத ஏட்டுலேருந்து கடைசி ஏடு வரைக்கும் பிழை!”ன்னாரு மறைக்காடரு.

“வரிக்கு வரி பிழை!”ன்னாரு குணாளரு.

“ஒரே கருத்து மகாராசா!”ன்னு குதிச்சேன் நான்.

ராசா முடிச்சை அவுத்தாரு. ஏட்டைத் திருப்பினாரு. திருப்பிக்கிட்டே இருந்தாரு. ஒரு கீறல் இல்ல.

“என்னடா, வெறும் ஏடு?”

“அவங்க நூல்ல எல்லாம் இருக்கு மகாராசா, தீர்ப்பு எழுதத்தான் எடமில்ல. நம்ம நூல்ல எடம் நெறைய இருக்கு.”

புலவருங்க தரையப் பாத்தாங்க. ராசா சிரிச்ச சிரிப்புல கிரீடம் சாஞ்சுது. எழுத்தாணிய வாங்கி அதே ஏட்டுல தீர்ப்ப எழுதி என்கிட்ட நீட்டினாரு.

“இந்தாரும் நீதிப் புலவரே, சத்தமா படியும்!”

பூவாத்தா என் வாயையே பாக்குது. ஏட்டை நேரா புடிச்சேன். தலைகீழா புடிச்சேன்.

“மகாராசா, இம்புட்டு நேரம் இந்த நூலைத் தடங்கலில்லாம படிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க எழுதிக் கெடுத்துட்டீங்களே!”

ராசாவே படிச்சாரு. பூவாத்தா மாட்டை ஓட்டிக்கிட்டுப் போச்சு. எனக்கும் பரிசு குடுத்தாரு ராசா: பாடம் சொல்ல ஒரு வாத்தியாரு.

அதே வாத்தியாரு. என்னைப் பாத்ததும் மறுபடியும் கையெடுத்துக் கும்பிட்டாரு.