வர்க்கி அடுப்பும் நாலு புள்ளி பூஜ்யமும்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடை. அங்கே குரு ஒரு பெண். பெயர் சுகிர்தா. சீடருக்கு அவரைவிட இருபத்திரண்டு வயது கூடுதல்.

சீடர் பெயர் நஞ்சப்பன். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இனி நிஜ பஸ் ஓட்ட முழங்கால் விடாது என்று ஆனதும், மேஜைமேல் ஸ்டியரிங் பொருத்திக்கொண்டு கம்ப்யூட்டர் கேமில் பஸ் ஓட்ட உட்கார்ந்தார்.

பணியில் இருந்த காலம் முழுவதும் அவர் வண்டி மலையில் நடுவழியில் நின்றதில்லை. இதை அவராகச் சொல்ல மாட்டார். யாராவது கேட்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவும் மாட்டார்.

சித்திரையில் ஈரோட்டில் ஒரு போட்டி நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. மலைப்பாதையில் பஸ் ஓட்டும் கேம். அவரவர் மெஷினை அவரவர் கொண்டுவர வேண்டும். பாதியில் மெஷின் நின்றால் ஆட்டம் முடிந்தது. நஞ்சப்பன் பெயர் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் சுகிர்தாவிடம் வந்தார்.

"படம் திக்குதுங்க, வாத்தியாரம்மா. கொண்டை ஊசி வளைவுல எதிர்ல லாரி வந்தா, அது ஓடி வரல. குதிச்சுக் குதிச்சு வருது."

"உங்க பிராசஸர் இருக்கறதுலயே மலிவானதுண்ணா. அதுக்கு மூச்சு பத்தல."

"பையன் பெங்களூர்ல இருந்து புதுசு அனுப்பறேங்கறான்."

"வாங்கிக்கலாமே?"

"டெப்போவுல எனக்குப் புது வண்டி குடுத்ததே இல்லீங்க. குடுத்த வண்டியத்தான் மலையேத்தினேன். இதையும் ஏத்தறேன். என்னமோ ஓவர்கிளாக்குன்னு பிரின்ஸ் சொல்றான். அதைச் சொல்லிக் குடுங்க."

பிரின்ஸ் அந்தக் கடையே கதி என்று கிடக்கும் கல்லூரிப் பையன். அவனும் அதே போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான்.

சுகிர்தா சொல்லிக்கொடுத்தார். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே பிராசஸரை ஒரு படி ஏற்ற வேண்டும். ஓட்டிப் பார்க்க வேண்டும். திணறினால் மின்னழுத்தத்தைத் துளி கூட்டலாம். கூட்டினால் சூடும் கூடும். சூட்டைப் பார்த்துக்கொண்டே அடுத்த படி. நஞ்சப்பனுக்கு இது புரிந்தது. கியர் மாற்றுவதுபோலத்தான் இருந்தது.

கம்பெனி வைத்தது 3.8 கிகாஹெர்ட்ஸ். மாசி மாதக் குளிரில், தன் வீட்டு முன்னறையில், அவர் அதை 4.4 வரை ஏற்றிவிட்டார். படம் திக்கவில்லை. லாரி வெண்ணெயில் வழுக்குவதுபோல வந்தது. போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கடைக்கு வந்தார்.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ் சுவர். வாடிக்கையாளர்கள் தங்கள் பெயரையும் தங்கள் மெஷினின் வேகத்தையும் அதில் எழுதி வைப்பார்கள். பேனா ஒன்று நூலில் தொங்கும். எல்லாவற்றுக்கும் மேலே 'பிரின்ஸ் 4.6' என்று இருந்தது, பக்கத்தில் ஒரு கிரீடப் படத்தோடு. சுகிர்தா மட்டும் அந்தச் சுவரில் ஒரு எழுத்துக்கூட எழுதியதில்லை.

நஞ்சப்பன் போட்டோவைக் காட்டினார். "எழுதுங்க, வாத்தியாரம்மா."

"பேனா தொங்குதே. நீங்களே எழுதலாம்ணா. எல்லாரும் அப்படித்தான்."

"வண்டி ஓடத் தகுதின்னு எஃப்.சி.யை டிரைவரே எழுதிக்க முடியுங்களா? உங்க கையால எழுதணும்."

சுகிர்தா போட்டோவைப் பார்த்தார். "ஓட்டும்போது வேர்த்துதாண்ணா?"

"வேர்வையா? ஸ்வெட்டர் போட்டு, அதுக்கு மேல சால்வையும் போத்தியிருந்தேன்."

"அப்ப எழுத முடியாது."

"மாமா," என்றான் பிரின்ஸ், "அக்கா உங்கள ஜிம்முக்குப் போகச் சொல்றாங்க."

அடுத்த வாரம் நஞ்சப்பன் மறுபடி வந்தார். கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஓட்டியிருந்தார்.

"வேர்த்துதுங்க!"

"உங்களுக்கா, மெஷினுக்கா?"

நஞ்சப்பன் விழித்தார். "மெஷினுக்கு எப்படிங்க வேர்க்கும்?"

சுகிர்தா ஷட்டரைப் பாதி இறக்கினார். "வீட்டுக்குப் போய் மெஷினைத் தூக்கிட்டு வாங்க."

கடைக்கு நாலு கட்டிடம் தள்ளி சுக்கூர் பாயின் பேக்கரி. விறகு அடுப்பில், மொறுமொறுப்பான வர்க்கி ரொட்டி சுடும் இடம். உள்ளே நுழைந்ததுமே நஞ்சப்பனின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது.

"பாய், அடுப்புப் பக்கத்துல கொஞ்சம் இடம் வேணும்."

"என்னம்மா சுகிர்தா, டப்பாவச் சுடப் போறியா?"

"வெந்துருக்கான்னு பாக்கணும்."

"வேகலைன்னா எங்கிட்டயே விட்டுட்டுப் போ. பொடிச்சு வர்க்கிமேல தூவி வித்துடறேன்."

மாவு பிசைகிறவர்கள் மாவு ஒட்டிய கையோடு நின்று பார்த்தார்கள். நஞ்சப்பன் ஸ்டியரிங்கைப் பலகையில் பொருத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். 4.4இல் வண்டியைக் கிளப்பினார்.

முதல் வளைவைத் தாண்டியது. இரண்டாவது வளைவில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. திரை நீலமாகி, மெஷின் நின்றது. அவ்வளவுதான்.

அடுப்பில் விறகு வெடித்தது. பிறகு பாய் மெதுவாகச் சொன்னார்:

"டிரைவர் அண்ணன் வண்டி நின்னு இப்பத்தான் பாக்கறேன்."

நஞ்சப்பன் மைதா மூட்டைமேல் உட்கார்ந்தார். காது சிவந்திருந்தது.

"அப்ப என்னோட 4.4 பொய்ங்களா?"

"பொய் இல்லண்ணா. உங்க வீட்டுல ஓடுச்சே."

"பின்ன ஏன் இங்க நிக்குது? அதே மெஷின். அதே நான்."

சுகிர்தா எழுந்து போய்ப் பேக்கரியின் பின்கதவைத் திறந்துவிட்டார். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. சில்லென்று உள்ளே நுழைந்து, நஞ்சப்பன் முகத்தில் பட்டு, மெஷினைச் சுற்றிக்கொண்டது.

"இந்தக் குளிருகிட்டக் கேளுங்க," என்றார் சுகிர்தா.

"அம்மா, கதவச் சாத்து!" என்று பாய் கத்தினார். "வர்க்கி நமுத்துப் போயிடும்!"

பங்குனி முழுவதும் நஞ்சப்பன் பேக்கரியிலேயே இருந்தார். சுடுகிற நேரம் பார்த்து வருவார். அடுப்புப் பக்கம் மெஷினை வைப்பார். 4.3 நின்றது. 4.2 நின்றது. 4.1 நம்பிக்கை கொடுத்தது. கடைசித் தட்டு வெளியே வரும் நேரத்தில் அதுவும் நின்றது. ஒவ்வொரு முறை திரை நீலமாகும்போதும் மாவு பிசைகிறவர்களில் ஒருவர், "டிரைவரண்ணா, இறங்கித் தள்ளணுமா?" என்று கேட்பார். நஞ்சப்பன் பதில் சொல்லாமல் ஒரு படி இறக்குவார்.

4.0இல் நிற்கவில்லை. அடுப்பு தணிந்து சாம்பல் வாரும்வரை ஓடியது. மறுநாளும் ஓடியது.

அவர் கடைக்கு வந்தார். சந்தோஷமாக வரவில்லை.

"இவ்வளவு சூட்டுல கெடந்து, கம்பெனி வச்சதுக்கு மேல ஏறினது இத்துனூண்டுதானுங்களா, வாத்தியாரம்மா?"

"டெப்போவுல திரும்பி வந்ததும் என்னண்ணா கேப்பாங்க? எவ்வளவு வேகமா போனீங்கன்னா?"



"ஆனா ஒரு வளைவுல இன்னும் திக்குதுங்க," என்றார் நஞ்சப்பன். "ஆறாவது வளைவு."

"எப்பவும் அங்கதானா?"

"அங்கதான்."

"ரோட்டுல குழி இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"குழிக்கு முன்னாடியே பிரேக் புடிச்சுக்குவேன்," என்றார் நஞ்சப்பன். சொன்னபின் எழுந்து வீட்டுக்குப் போனார்.

போட்டி நாளில் அவர் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, தான் ஓட்டிய அதே பாதையில், பயணியாக இறங்கினார்.

"டிரைவரண்ணா, மடியில இருக்கறதுக்கும் ஒரு டிக்கெட் போடணும்," என்றார் கண்டக்டர்.

"அது என் ஸ்டாஃப். பாஸ் இருக்குது."

மலை பாதி இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றினார். மேட்டுப்பாளையத்தில் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தார். ஈரோட்டில் இறங்கியபோது காற்றே அடுப்பிலிருந்து வருவதுபோல வந்தது. அவருக்கு ஒரு வாசனை நினைவுக்கு வந்தது. வர்க்கி வாசனை.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். மேலே மின்விசிறிகள் சுற்றின. காற்று கீழே வரவில்லை. ஒருவர் அட்டையும் பேனாவுமாக வரிசையாக வந்தார். ஒவ்வொருவரின் வேகத்தையும் கேட்டு எழுதி, அந்தந்த மேஜைமேல் எல்லோரும் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். பக்கத்து மேஜையில் பிரின்ஸ். அவன் அட்டையில் 4.6. கூட்டம் அங்கே கூடிவிட்டது.

"ஐயா, உங்களுது?" என்று பேனாக்காரர் கேட்டார்.

நஞ்சப்பனின் மெஷினில் இரண்டு வேகமும் பதிந்திருந்தன. 4.4 ஒன்று, 4.0 ஒன்று. எதில் வேண்டுமானாலும் கிளப்பலாம். அவர் விரல் விசைப்பலகையின் மேல் நின்றது.

"மாமா, 4.4ஐப் போடுங்க," பிரின்ஸ் குனிந்து கிசுகிசுத்தான். "கோத்தகிரி மானம் போகுது."

4.4இல் ஆறாவது வளைவு திக்காது. அவருக்குத் தெரியும். போட்டோகூட இருக்கிறது.

அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை உருண்டு வந்து விசைப்பலகையில் விழுந்தது.

நஞ்சப்பன் அதைப் பார்த்தார். கட்டை விரலால் துடைத்தார்.

"நாலு புள்ளி பூஜ்யம்," என்றார். மலையேறும் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரல் அது. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் பேனாக்காரர் சரியாக எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் ஐந்து வளைவுகளில் அவருக்கு முன்னால் பத்துப் பதினைந்து பஸ்கள். ஆறாவது வளைவு வந்தது. திக்கும் இடத்துக்கு முன்பே அவர் பிரேக் பிடித்தார். படம் திக்கியது. லாரி குதித்துக் குதித்து வந்தது. அவர் பஸ் ஏற்கெனவே ஓரமாக நின்று வழிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு மண்டபத்தில் ஒவ்வொரு மேஜையாக "ஐயோ" என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒன்பதாவது வளைவில் பிரின்ஸின் பஸ், முன்சக்கரம் இரண்டும் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் இருக்க, அப்படியே உறைந்தது. அவன் மெஷினைத் தட்டினான். ஊதினான். அட்டையை எடுத்து விசிறினான். 4.6 என்று எழுதிய அட்டை.

நஞ்சப்பன் மூன்றாவதாக வந்தார். முதலிடம் பவானிக்காரர், இரண்டாவது கரூர்க்காரர். மலையிலிருந்து வந்தவர்களில் கடைசிவரை வந்தது அவர் மட்டும்தான்.

அவர் பவானிக்காரரின் அட்டையைத் தேடிப்போய்ப் பார்த்தார். 3.9.

"எங்கூரு வெயிலுக்கு இதுக்கு மேல தாங்காதுங்க," என்றார் பவானிக்காரர் சங்கோசமாக.

"சங்கடப்படாதீங்க," என்றார் நஞ்சப்பன். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரொம்ப நேரம் விடவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போனார். பிரின்ஸ் ஒரு மூலையில் தன் மெஷினைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தான். நஞ்சப்பன் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார். எதுவும் சொல்லவில்லை. நகரவும் இல்லை.

சுகிர்தா நிமிர்ந்தார். "வண்டி எப்படிண்ணா வந்துச்சு?"

"நிக்கலீங்க."

"வேர்த்துதா?"

"சட்டையப் புழிஞ்சு காயப்போட்டிருக்கேன்."

சுகிர்தா எழுந்தார். நூலில் தொங்கிய பேனாவை எடுத்தார். பிரின்ஸின் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் நின்றது. அந்தச் சுவரில் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

இடம் இருந்தது அடி டைல்ஸில் மட்டும்தான். சுகிர்தா தரையில் முழங்காலிட்டு, நிதானமாக எழுதினார். நஞ்சப்பன் 4.0. பிறகு பக்கத்திலேயே இன்னும் இரண்டு சொல் எழுதினார். ஈரோடு, சித்திரை.

நஞ்சப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மேலே இருந்த எண்களெல்லாம் அவருடையதைவிடப் பெரிது. அவர் மேலே பார்க்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அக்கா," என்றான் பிரின்ஸ், "எம்பேருக்குப் பக்கத்துல ஊரே இல்லயே. நானுந்தான ஈரோடு போனேன்?"

சுகிர்தா பேனாவை மூடினார்.

"நீ போன, பிரின்ஸ். உன்னோட 4.6 இன்னும் மலையிறங்கல."