தவமணி தொட்டியும் பிச்சையா தாத்தா மூச்சும்

காலை நீட்டிப் படு. கண்ணை மூடிக்கிட்டே கேளு சிட்டு. நடுவுல "ம்" வரலைன்னா அத்தை நிறுத்திடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டி நிறைய உப்புத்தண்ணி, அடியில வெள்ளை மணல், நடுவுல ஒரு பாறாங்கல்லு. கடல்ல ஒரு துண்டை வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருந்தா, தவமணின்னு ஒரு பொண்ணு. துறைமுகம் பக்கம் மாடி வீடு. பகல் எல்லாம் தையல் கடையில வேலை. வீட்டுக்கு வந்தா தொட்டிதான் அவளுக்கு உலகம்.

அதுல ரெண்டு மீனு. ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை. ஒருநாள் அம்மா மீன் கல்லுல முட்டை வச்சுது. வச்சுட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. அப்பா மீன்தான் காவல். செட்டையால விசுக் விசுக்னு முட்டைக்கு விசிறிக்கிட்டே நிக்கும். உங்கப்பனை உன் தொட்டிலை ஆட்டச் சொன்னா பாதியில அவன் தூங்கிடுவான். அந்த மீனு அசரலை, பாத்துக்க!

"ம்."

அப்புறம் கேக்கணுமா, கட்டடம் பூரா சேதி பரவிருச்சு. சாயங்காலமானா எல்லாரும் ஆஜர். முதல் ஆளு கீழ்வீட்டுப் பிச்சையா தாத்தா. நாற்காலியைக் கையோட தூக்கிட்டு வந்துருவாரு. வந்ததும் ஜன்னலை எல்லாம் டப்பு டப்புன்னு சாத்துவாரு. "தெருவுல போறவன் கண்ணு பட்டா முட்டை தங்காதும்மா." அப்போ ஏசியும் ஓடும். அந்தச் சின்ன ரூம்ல அத்தனை பேரும் ஆ-ன்னு வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க. பாவம், எல்லாம் ஆசைதான்.

ஆனா அந்த முட்டை எல்லாம் வெளுத்து உதிர்ந்துபோச்சு. தவமணி அழுதா. சோறு இறங்கலை அவளுக்கு.

அப்புறம் அம்மா மீன் திரும்ப முட்டை வச்சுது. இந்தத் தடவை அப்பா மீன் வாயைப் பப் பப்னு அடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குச்சு. தவமணி குட்டிக் கண்ணாடிக் குழாய்ல தொட்டித் தண்ணி எடுத்து, அதுல சோதிச்சுப் பாக்குற சொட்டு மருந்து விட்டா. தண்ணி நல்லா இருந்தா கத்திரிப்பூ கலர் வரணும். வந்ததோ மண்ணு கலர். தண்ணியோட பி.எச். இறங்கிருச்சு. அப்படின்னா மாவு புளிக்குற மாதிரி தண்ணியும் கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாயுதுன்னு வச்சுக்க. நமக்குத் தெரியாது. மீனுக்குத் தெரியும்.

"ம்."

எதிர்வீட்டு லில்லி அக்கா சொன்னா, "ஆப்பசோடா போடுடி." தவமணி அள்ளிக் கொட்டலை. நானா இருந்தா கொட்டியிருப்பேன்! அவ ஒரு துளி சோடாவைக் கரைச்சு, சொட்டு... சொட்டு... சொட்டுன்னு விட்டா. கலர் கொஞ்சம் ஏறுச்சு. சாயங்காலம் எல்லாரும் வந்து போனதும் திரும்ப மண்ணு கலர்.

அப்புறம் புதுசா உப்புத்தண்ணி கலந்து, பழசுல கொஞ்சம் எடுத்து மாத்தினா. காலையில நல்லாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் திரும்ப மண்ணு கலர்.

அப்போதான் அவளுக்குச் சுருக்குனு பட்டுது. ஒரு வாளியில தொட்டித் தண்ணியை மொண்டு, வெளி வராண்டாவுல வச்சு, காத்துக்குழாயைப் போட்டு விட்டா. பொளு பொளு பொளுன்னு குமிழி. கொஞ்சம் நேரம் கழிச்சு சொட்டு மருந்து விட்டுப் பாத்தா, அழகான கத்திரிப்பூ! அதே தண்ணிதான். வெளியில இருந்தா நல்லா இருக்கு, ரூமுக்குள்ள இருந்தா கெடுது. அப்போ கோளாறு எதுல? ரூம் காத்துல! என்ன மூளை பாரேன் அவளுக்கு. எனக்குப் பொறாமையா இருக்கு.

ஆனா வந்தவங்களைப் போங்கன்னு எப்படிச் சொல்றது? முழுங்கி முழுங்கித்தான் சொன்னா. "தாத்தா, நாம விடுற மூச்சு வெளிய போக வழியில்லாம தண்ணியில இறங்குது. அதான் மீனுக்கு ஆகலை."

தாத்தா முகம் சுண்டிப்போச்சு. "அப்போ போன முட்டை... என்னாலயா?"

"உங்களால மட்டுமா? என் மூச்சும்தானே தாத்தா."

தாத்தா எந்திரிச்சாரு. சாத்தின ஜன்னலை அவரே திறந்தாரு. படார்! படார்! படார்! சிலுசிலுன்னு கடக்காத்து உள்ள வந்துச்சு. எல்லாரையும் வராண்டாவுக்குக் கிளப்பினாரு. அவரு நாற்காலியையும் அங்கேயே போட்டாரு. எப்படிப் போட்டாரு தெரியுமா? தொட்டிக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பாத்து!

"ஏன்?"

தெருக்காரன் கண்ணு படாம மறைக்கணுமாம்! அத்தனை ஆசை வச்ச மனுசன், தினமும் மீனைப் பாக்காமலே காவல் உக்காந்தாரு. அந்த அப்பா மீனுக்கு இவரு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

சொட்டு மருந்து தினமும் கத்திரிப்பூ காட்டுச்சு. முட்டைக்குள்ள வெள்ளி வெள்ளியா கண்ணு தெரிஞ்சுது. அப்புறம் ஒருநாள் பொழுது சாஞ்சு தொட்டி விளக்கை அணைச்சதும், தவமணி ஓடி வந்தா. "தாத்தா, நீங்க மட்டும் உள்ள வாங்க."

தாத்தா மெல்ல வந்தாரு. தவமணி ஓரமா டார்ச்சு அடிச்சா. முட்டை ஒவ்வொண்ணா உடையுது. தூசி மாதிரி மீன்குஞ்சு, தண்ணி பூரா மினுக் மினுக்னு நீந்துது. தாத்தா கண்ணுல தண்ணி. ஆனா ஆளு பேசலை. என்னடான்னு தவமணி திரும்பிப் பாக்குறா, தாத்தா துண்டால மூக்கையும் வாயையும் இறுக்கப் பொத்திக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு நிக்காரு! முகம் எல்லாம் செவந்துபோச்சு.

தவமணி துண்டை மெதுவா எடுத்து விட்டா. "விடுங்க தாத்தா. ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருக்கு."

தாத்தா விட்டாரு பாரு ஒரு மூச்சு... ஹூ...ம்!

...

சிட்டு? "ம்" காணோமே. சரி, கதை கரை சேந்துருச்சு. நம்ம ஜன்னலும் திறந்திருக்கு, நீ நல்லா மூச்சு விட்டுத் தூங்கு.